சம்பந்தியம்மாவின் மேகப்பழங்கள்

அந்தப் பழங்களைத் தின்றது நான்தான். முழு டப்பாவையும், மூன்று வாரத்தில், கராஜில் நின்றபடி, யாருக்கும் ஒன்றுகூடக் கொடுக்காமல் தின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதை என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். "மூணு வாரமில்லீங்க, பத்தொம்பது நாளு" என்கிறாள். சரி, பத்தொன்பது நாள்.

நாங்கள் நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், மகள் வீட்டோடு இருக்கிறோம். நான் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கார் நிறுத்தும் கராஜில் இரண்டாவதாக ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. அது என் மனைவியின் ராஜ்ஜியம். அமெரிக்காவில் நம்மவர் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் அதற்குள் ஐஸ்கிரீம் இருக்காது. இந்தச் சட்டம் மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவர் அலாஸ்காக்காரர். கல்யாணமான புதிதில் ஆசையாக மூன்று டப்பாக்களைத் திறந்து பார்த்தார். ஒன்றில் துருவிய தேங்காய், ஒன்றில் புளிக்கரைசல், ஒன்றில் முருங்கைக்கீரை.

"மாமா, ஐஸ்கிரீம் எங்கே?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

"கடையில்" என்றேன்.

அப்படிப் பதினைந்து இருபது டப்பாக்கள், எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றிலும் லேபிள் கிடையாது. எதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி திறக்காமலே சொல்வாள். "மூணாவது தட்டுல எடதுகைப் பக்கம் பின்னாடி, மூடியில ஒரு கீறல் இருக்கும் பாருங்க, அதுதான் அடை மாவு" என்பாள். அவளுடைய பெருமையே அதுதான். ஆனால் அந்த வருஷம் அந்தப் பெருமைக்குள் ஒரு பயம் புகுந்திருந்தது. அவளுடைய அக்காவுக்கு மறதி நோய் வந்து, கடைசியில் சொந்த மகனையே யாரென்று கேட்கும்படி ஆகிவிட்டது. அன்றிலிருந்து, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட இவள் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிடுவாள். மகளுக்கு அப்போது ஏழாவது மாதம். குழந்தை பிறந்ததும் டேகேர் எல்லாம் வேண்டாம், பாட்டிதான் பார்த்துக்கொள்வாள் என்று முடிவாகியிருந்தது. அந்த வேலைக்காக அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா வந்து இறங்கினார். மாப்பிள்ளையின் அம்மா. மீன் பிடிக்கிறவர்கள் கொண்டு வருவது போன்ற ஒரு பனிப்பெட்டியை நியூவார்க் விமான நிலையத்திலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். சமையலறையில் அதைத் திறந்து உள்ளேயிருந்து எடுத்து வைத்தது ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. என் மனைவிக்கு அவரை அந்த நொடியே பிடித்துப்போய்விட்டது.

"பாருங்க, அவங்க ஊர்லயும் நம்மள மாதிரிதான்!" என்று என்னை இடித்தாள்.

டப்பாவுக்குள் கிளவுட்பெரி. நான் மனதுக்குள் மேகப்பழம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். சுண்டைக்காயைவிடப் பெரியது, சின்ன நெல்லிக்காய் அளவு. ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் சிறு மணிகளாகச் சேர்ந்து, யாரோ பூந்தியை விரல் நுனியால் உருட்டி வைத்தது போலிருந்தது. சம்பந்தியம்மா பேசியது ஆங்கிலம்தான். நான் தமிழில் தருகிறேன்.

"ஒரு செடிக்கு ஒரே ஒரு பழம். முதலில் சிவப்பாக இருக்கும், பழுத்தால் மஞ்சளாகும். எல்லாப் பழத்துக்கும் நேர்மாறு. சதுப்பு நிலத்தில் கணுக்கால் புதைய நடந்து, குனிந்து குனிந்து பறிக்க வேண்டும். கொசு கண்ணை மறைக்கும். இந்த டப்பா நிறைய எனக்கு இரண்டு முழு நாள் ஆனது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. அதே பழத்துக்குக் கரடியும் வரும்."

"எந்த இடம்?" என்று நான் கேட்டேன். தாவரவியல் கேள்வி.

"என் மகனுக்கே சொல்லவில்லை. உங்களுக்கா சொல்வேன்?" என்று சிரித்தார்.

வளைகாப்பு அன்றைக்கு எல்லாருக்கும் பாலாடையை அடித்து நுரைக்கவைத்து, அதில் இந்தப் பழத்தைக் கலந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் ஊரில் நல்ல நாளுக்கு அதுதான் இனிப்பாம். டப்பாவை என் மனைவியின் இரண்டு கையிலும் வைத்து, "இது உங்கள் பொறுப்பு" என்றார். பிறகு டெக்சாஸில் இருக்கும் தன் தங்கையைப் பார்க்கப் போய்விட்டார். வளைகாப்புக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு.

என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும். அது நியாயமே இல்லை என்பது தெரியும், இருந்தாலும். முப்பது வருஷம் ரோஜாக் குடும்பத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்ததில்லை. மாணவர்களை நீலகிரிக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் சாலையோரம் முள்ளுக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் காட்டுப்பழம் பறித்துத் தின்போம். அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அப்படிப்பட்ட ஆள், பூட்டாத ஃப்ரீசரிலிருந்து இருபதடி தூரத்தில், சர்க்கரை நோய்க்காரனாக, மத்தியானம் இரண்டு மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

முதல் பழம் ஆராய்ச்சிக்கு. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கல் மாதிரி உறைந்திருந்தது. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். முதலில் வெறும் குளிர்ச்சி. பிறகு ஒரு புளிப்பு, காது வரைக்கும் போனது. புளிப்பு அடங்குகிற நேரத்தில் அடியிலிருந்து தேன் மாதிரி ஒன்று மெதுவாக ஏறி வந்தது. பின்னாலேயே ஆப்பிளைச் சுட்டது போல ஒரு வாசனை. நான் கராஜில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன். எழுபத்துமூன்று வயதில் நாக்குக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டாவது பழம், முதல் முடிவு சரிதானா என்று உறுதி செய்துகொள்ள. மூன்றாவதுக்குக் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு குப்பையைப் பிரித்துப் போடுவதில் எனக்கு வந்த அக்கறையைப் பார்த்து மகளே அசந்துபோனாள். ஒரு தயிர் மூடி கிடைத்தால் போதும், அதை ரீசைக்கிளிங் தொட்டியில் போடக் கராஜுக்குக் கிளம்பிவிடுவேன். தினம் ஐந்து, பிறகு பத்து. சுவிட்ச் போட்ட மாதிரி மத்தியானம் இரண்டு மணிக்கு மனசு குதிக்க ஆரம்பிக்கும். ஒருநாள் திரும்பி வரும்போது படியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேனாம்.

இந்தப் பழத்தில் ஒரே தொந்தரவு, விதை. கடுகைவிடப் பெரிது, கெட்டி. என் பல்செட்டுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் காபி கொடுக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, பல்லுல என்னமோ ஒட்டீருக்குது?"

"கொய்யா விதை" என்றேன், யோசிக்காமல்.

"கொய்யாவா? நம்ம வீட்டுல கொய்யாவே வாங்கலையே?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வேறு எங்காவது தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். "நீதானே போன வாரம் வாங்கினே" என்றேன்.

அவள் காபி டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். "நானா? வாங்கி மறந்துட்டேனாட்ட இருக்குது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் காபியைக் குடித்தேன். நன்றாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்பு டப்பாவின் அடி தெரிந்தது. எப்படி இவ்வளவு தூரம் வந்தேன்? இரண்டு நாளில் சம்பந்தியம்மா வந்து மூடியைத் திறப்பார்.

அந்த வாரம் தமிழ்ப் பள்ளியில் எல்லாரும் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்துண்ணும் விருந்து நடந்தது. என் மனைவி எடிசனில் ஒரு கடையிலிருந்து மினி லட்டு வாங்கி, வழக்கம்போல ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தாள். அது எனக்கு நினைவு வந்தது. மினி லட்டு! அதே மஞ்சள், அதே மணி மணியான உடம்பு, ஏறக்குறைய அதே அளவு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓக் ட்ரீ ரோடுக்குக் காரை விட்டேன். அதே கடையில் அதே லட்டு மூன்று பெட்டி வாங்கி வந்து, கராஜில் வைத்து டப்பாவை நிரப்பினேன். பாலாடை நுரைக்குள் போய்விட்டால் எது லட்டு, எது பழம்? பாதிப் பேர் சாப்பிட்டுவிட்டு அலாஸ்காப் பழம் நம்ம ஊர் லட்டு மாதிரியே இருக்கிறது என்று ஆச்சரியப்படுவார்கள் என்றுதான் நினைத்தேன். படித்தவன் போட்ட கணக்கு இது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வீடு நிறைய வளையல் சத்தம். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவி பச்சைப் பட்டுப்புடவை கட்டிவிட்டிருந்தாள். பத்து ஊக்கு குத்தியும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நடந்தார். புளிசாதம், தேங்காய்சாதம், எலுமிச்சைசாதம் எல்லாம் முடிந்தது. அவர் நுரைத்த பாலாடைக் கிண்ணத்தோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, கொசுவையும் கரடியையும் பற்றி எல்லாருக்கும் சொன்னார். கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன். அவர் மூடியைத் திறந்தார்.

ஒன்றை எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வாயில் போட்டு மென்றார்.

"இது ரொம்ப இனிப்பாக இருக்கிறது" என்றார்.

முன்வரிசையில் இருந்த ஒரு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "அட, மினி லட்டு! எடிசன் கடையில வாங்குவோமே, அதேதான்!" என்றார்.

எல்லாரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் டப்பாவையே பார்த்தாள்.

"அப்படீன்னா… அன்னிக்கு நான் ஸ்கூலுக்குக் குடுத்துட்டது…" என்றாள். முடிக்கவில்லை. சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் போய், "நான் டப்பாவ மாத்திக் குடுத்துட்டனுங்க. எனக்குத் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கோங்க" என்று தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, இட்ஸ் ஓகே மா, இட்ஸ் ஜஸ்ட் ஃப்ரூட்" என்றாள் மகள்.

மகள் நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னதும் சம்பந்தியம்மா என் மனைவியைக் கட்டிக்கொண்டார். "பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்றால் நல்லதுதான்" என்றார். நல்ல மனுஷி. ஆனால் சொன்ன பிறகு முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டார். நான் அவர்களிடமிருந்து நான்கடி தள்ளி நின்றேன்.

அன்றைக்குச் சொல்லாதது பயத்தால். மறுநாள் சொல்லாதது, நேற்றே சொல்லவில்லையே என்ற வெட்கத்தால். மூன்றாம் நாளிலிருந்து எந்தக் காரணமும் இல்லை.

அக்காவுக்கு வந்தது தனக்கும் ஆரம்பித்துவிட்டது என்று என் மனைவி முடிவு கட்டிவிட்டாள். கடையிலிருந்து லேபிள் கட்டு வாங்கிவந்து ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, எழுதி ஒட்டினாள். தேங்காய், புளி, கீரை. திறந்து பார்த்த பிறகும் தன்னை நம்ப முடியாத டப்பாக்களில் "சந்தேகம்" என்று எழுதி ஒட்டினாள். கார்ச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். சாம்பாருக்குத் துவரம்பருப்பு எத்தனை கப் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். நாற்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற பருப்பு. ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "குழந்தைய டேகேர்ல போட்டுரு கண்ணு. நான் பாட்டுக்கு அடுப்புல பால வெச்சுட்டு மறந்துபோட்டா?" என்றாள். மகள் அழுதாள். டேகேருக்குப் பெயர் கொடுத்தார்கள்.

இன்னொரு நாள் மத்தியானம், சரியாக இரண்டு மணி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு அக்கா மாதிரி ஆயிருச்சுன்னா, என்னையக் கொண்டு போயி எங்கயும் சேத்துப்போடாதீங்க. உங்க கூடவே இருந்துக்கறேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணும் ஆகாது, போ" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியம் எது என்று கேட்டால், பழத்தைச் சொல்ல மாட்டேன். இந்த மூன்று சொற்களைத்தான் சொல்வேன்.

மகள் ஞாபக மறதிக்குப் பார்க்கிற டாக்டரிடம் நேரம் வாங்கினாள். அவளுக்கு அன்று மீட்டிங் இருந்ததால் நான்தான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், அமெரிக்கப் பெண்மணி. ஐந்து சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்: நாற்காலி, ஆறு, ரொட்டி, மஞ்சள், குதிரை. பிறகு கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இவள் தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று கடகடவென்று இறங்கிக்கொண்டிருந்தபோது நான் மனதுக்குள் எழுபத்தொன்பதில் மாட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து சொற்களையும் திருப்பிக் கேட்டபோது ஐந்தையும் வரிசையாகச் சொன்னாள். எனக்குக் குதிரை மட்டும்தான் வந்தது.

"நன்றாகத்தானே செய்கிறீர்கள். எதனால் கவலை வந்தது?" என்று டாக்டர் கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். தான் மறந்தவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். ஒன்று, கொய்யா வாங்கியது. இரண்டு, பழ டப்பாவை மாற்றிக் கொடுத்தது. பட்டியலில் அவ்வளவுதான். இரண்டே வரி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் கூடவே இருக்கிறீர்கள். இந்தச் சம்பவங்களைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்" என்று கீபோர்டில் கையை வைத்தார். நான் சொல்வது என் மனைவியின் கோப்பில் ஏறப்போகிறது.

"கொய்யா யாரும் வாங்கவில்லை" என்றேன். "அது மேகப்பழ விதை. பழத்தைத் தின்றது நான்."

டாக்டர் தட்டச்சை நிறுத்தினார். "எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும். லட்டு வாங்கி வைத்ததும் நான்தான். இவள் ஸ்கூலுக்குக் கொடுத்தது சரியான டப்பாதான். இவள் ஒன்றையும் மறக்கவில்லை."

எதை எழுதுவது என்று தெரியாமல் டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி என் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"எத்தன நாளு?"

"மூணு வாரம்."

"நான் கேட்டது அதில்ல. நான் அழுவறதப் பாத்துட்டு எத்தன நாளு சும்மா இருந்தீங்க?"

"ஆறு வாரம்."

அவள் காகிதத்தை நான்காகக் கிழித்தாள். எட்டாகக் கிழித்தாள். திடீரென்று ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். "எனக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டர்! எனக்கு ஒண்ணுமே இல்ல! இந்த மனுஷன் தின்னுபோட்டாரு!" என்று தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். டாக்டருக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவரும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "இவருக்குச் சுகர் எவ்வளவு என்று இங்கேயே பார்க்க முடியுமா?"

வெளியே வந்து கார் நின்ற இடம் தெரியாமல் நான் திகைத்தேன். "மரத்துக்கு அந்தப் பக்கம், வெள்ள வேனுக்கு அடுத்தது" என்றபடி என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். ஃப்ரீவே ஏறியதும் ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு மூணாம் நாளு எங்கப்பா போட்ட வாட்ச்ச பஸ்ஸுல எவனோ அடிச்சுட்டான்னீங்க. அது உங்க தம்பி கையில இருந்துச்சு. எனக்குத் தெரியும். பாப்பா பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற வழியில சினிமா பாத்துட்டு வந்தீங்க. ரயில் லேட்டுன்னீங்க. டிக்கெட்டு சட்டைப் பையில இருந்துச்சு. நீலச் சட்டை. ரெண்டாவது பித்தான் இல்லாதது."

சாலை பிரியும் ஒவ்வொரு எக்ஸிட்டுக்கும் ஒரு குற்றம். எல்லாம் நாள், நிறம், சாட்சியோடு. ஒன்றும் தப்பில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் சேர்ந்து சிரிப்பாக வந்தது. "சிரிக்காதீங்க! இன்னும் கோவமாத்தான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். எங்கள் எக்ஸிட்டைத் தாண்டிப் போய்விட்டோம். "இது மறதியில்ல. சொல்லி முடிக்கறதுக்கு ரோடு பத்தல" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னையே சம்பந்தியம்மாவுக்குப் போன் போடவைத்தாள். ஸ்பீக்கரில். நான் சொல்லி முடித்தேன். அலாஸ்காவிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"எப்படி இருந்தது?" என்றார்.

புளிப்பிலிருந்து ஆரம்பித்து, தேன், சுட்ட ஆப்பிள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "சரியாகத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள்" என்றார். "அடுத்த கோடையில் வாருங்கள். இரண்டு நாள் குனிந்து பறித்துத் தர வேண்டும். இடம் வரைக்கும் கண்ணைக் கட்டித்தான் அழைத்துப் போவேன். கொசுவலைத் தொப்பி தர மாட்டேன்."

மகள் டேகேரைக் கூப்பிட்டுப் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

டாக்டரிடம் போய்வந்த அன்றே சாயங்காலம் என் மனைவி கராஜுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள். நானும் பின்னால் போய் நின்றேன். டப்பா டப்பாவாக எடுத்து, திறக்காமல், உள்ளே என்ன என்று சத்தமாகச் சொல்லிச் சொல்லி லேபிள்களை உரித்தாள். தேங்காய். புளி. அடை மாவு. உரித்ததையெல்லாம் சுருட்டி, நான் அத்தனை நாள் பக்தியோடு காவல் காத்த அந்த ரீசைக்கிளிங் தொட்டியில் எறிந்தாள். கடைசியாக ஒன்று மீந்தது, "சந்தேகம்". அதைக் கவனமாகக் கிழியாமல் உரித்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். என் சட்டைப் பைக்கு மேல் ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டி அழுத்தினாள்.

சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை அதைப் பார்த்து, "மாமா, இது என்ன எழுத்து?" என்று கேட்டார்.

"கைவைக்காதீங்க மாப்ள" என்றாள் என் மனைவி. "அது அங்கியே இருக்கட்டும்."